ஸர் ஆர்தர் காட்டன்: அணைகளின் வரவு செலவு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 35 மைல் தொலைவிலுள்ள பழவேற்காட்டிற்குச் செல்வோர் முதற்கண் காண விழைவன, ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் எழுப்பிய கெல்திரியாக் கோட்டையின் சிதைவுகளும் அவர்தம் கல்லறைகளுமே. அவற்றைக் கண்டு மீள்வோருள் மிகப் பலர், ஆங்கே ஏரியின் வழியாகச் செல்லும் பழங்கால்வாய் ஒன்றனைப் பொருட்படுத்துவதில்லை. அதுவே பக்கிங்காம் கால்வாய். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், கூனங்குப்பம் முதலிய குப்பங்களின் மீனவர், இறாலும் நண்டும் மடவையும் படுத்துப் பிழைக்கும் அவ்வுவர்நீர்ப் பரப்பினூடே, ஒரு காலத்தில் பாய் விரித்த சரக்குப் படகுகள் வரிசை வரிசையாய்ச் சென்றன. ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவின் விறகும், ஏரியில் வாரிய கிளிஞ்சலும், உப்பும், மீனும் அப்படகுகளில் ஏறியே சென்னையை அடைந்தன.

இக்கால்வாயின் முதற்பகுதியை, சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளத்திற்கு, 1806-ஆம் ஆண்டில் முடித்தவர் பாசில் காக்ரேன் என்பார். பின்னர் அது பழவேற்காட்டு ஏரி வரையில் நீண்டது. 1837-இல் அரசாங்கம் அதனைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. தாது வருஷப் பஞ்சத்திலே, அஃதாவது 1876 முதல் 1878 வரையில், பசியால் வாடிய மக்களுக்குக் கூலி கொடுக்கும் பொருட்டு அதன் இடையறவுகள் வெட்டி இணைக்கப்பட்டன. அப்பொழுது சென்னைக் கவர்னராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு இடப்பட்டது. வடக்கே பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை அது சென்றது.

காக்ரேனும் கோமகனும் இக்கட்டுரைக்கு உரியவரல்லர். நீர்வழியே பண்டம் செல்வது மலிவு, நீரே நாட்டின் முதற்பொருள், அதற்கென இடும் பணம் பன்மடங்காய்த் திரும்பும் என்னும் கொள்கையை நெடுங்காலம் ஓயாது பேசிய ஒருவர் இருந்தார். அவர் ஸர் ஆர்தர் காட்டன். பழவேற்காட்டுக் கால்வாயை அவர் வெட்டவில்லை. எனினும், ஓர் அணையோ கால்வாயோ கட்டத்தக்கதா, அதனால் வருவது எவ்வளவு, போவது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கும் வழக்கத்தை நம் நாட்டில் ஊன்றியவருள் அவர் தலைசிறந்தவர். அக்கணக்கு எங்கே பலித்தது, எங்கே பிழைத்தது என்பதனை அவர் வாழ்க்கையைக் கொண்டே அறியலாம்.

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். ஹென்றி கால்வ்லி காட்டன் என்பாருக்குப் பிறந்த பதினொரு புதல்வருள் இவர் பத்தாமவர். இத்துணைப் பிள்ளைகளைப் பெற்ற தந்தைக்கு, ஒவ்வொருவரையும் ஒவ்வொரு வேலையில் அமர்த்துவதே பெருங்கவலையாயிருந்திருத்தல் வேண்டும். ஆர்தர் பதினைந்தாம் வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியார் அடிஸ்கம்பில் நடத்திய படைப்பள்ளியிற் சேர்ந்தார். 1819-இல் சென்னை இஞ்சினீயர் படையிற் பதிவு பெற்றார். வேல்ஸ் நாட்டில் சிறிது காலம் நில அளவை பயின்று, 1821-இல் சென்னை வந்திறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. நம் இளைஞர் கல்லூரியிற் சேரும் வயது அதுவே என்பதனை எண்ணுங்கால் சிறிது நாணம் உண்டாகின்றது!

வந்த மறு ஆண்டே அவர் பாம்பன் கால்வாயை அளக்க அனுப்பப்பட்டார். கப்பல்கள் செல்லுதற்கு அவ்விடத்தை ஆழப்படுத்தல் கூடுமா என்பது கேள்வி. பின்னர் 1824 முதல் 1826 வரை நிகழ்ந்த முதற் பர்மியப் போரிற் பணி செய்தார். போர் முடிந்து மீண்டவருக்கு 1828-இல் காவிரி நீர்ப்பாசனப் பொறுப்பு வந்தது. அவர் வாழ்க்கை உண்மையில் தொடங்கியது ஈண்டே என்னலாம்.

காவிரியின் நிலை அப்பொழுது இரங்கத்தக்கதாயிருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்தில் ஆறு இரண்டாய்ப் பிரிகின்றது. வடகிளையாகிய கொள்ளிடம் தாழ்ந்த படுகையையும் நேரிய வழியையும் உடையது. தென்கிளையாகிய காவிரியோ தஞ்சை வயல்களுக்கு நீர் தருவது. கொள்ளிடம் ஆண்டுதோறும் ஆழ்ந்துகொண்டே போக, காவிரியின் வாய் மணலடித்து மேடிட்டது. கீழே கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை நின்று காத்தும், மேலே நீர் வந்தாலன்றோ அது காப்பதற்கு? ஆண்டுதோறும் ஆட்களை விட்டு மணல் வாரினர். வாரிய மணல் மறு வெள்ளத்தில் வந்து சேர்ந்தது. தஞ்சைச் சீமையில் நிலங்கள் தரிசாயின, அரசிறையும் குறையலாயிற்று.

காட்டன் செய்த முதற் காரியம் புதியதொன்றைப் புனைந்ததன்று, பழையதொன்றைப் பயின்றதே. மணலே அடியாகக் கிடக்கும் ஆற்றில் கல்லணை எங்ஙனம் நூற்றாண்டுகளாய் நிற்கின்றதென அவர் ஆராய்ந்தார். பண்டையோர் பெருங்கற்களை மணலிலே இட்டனர், அவை அமிழ்ந்தன, மேலும் இட்டனர், மேலும் அமிழ்ந்தன, இறுதியில் அமிழாத நிலை வந்தது, அதன்மேல் களிமண்ணும் கல்லும் கொண்டு முடித்தனர். பாறையைத் தேடித் தோண்டாமல், மணலின் மீதே அணை நிற்கும் என்னும் இவ்வுண்மையைத் தமக்குக் கற்பித்தவர் அப்பெயரறியாத் தமிழ்த் தச்சரே என்று அவர் பிற்காலத்தில் மறையாது எழுதினார். ஆளவந்த இனத்தவர் ஒருவர், ஆளப்பட்டாரிடம் கற்றேன் என்று ஒப்புக்கொள்வது அந்நாளில் மிக அரிது. செலவைக் குறைத்ததும் இப்பாடமே. பாறை வரையில் தோண்டுவதாயிருந்தால், கொள்ளிடத்திற்கு அணை என்பது எந்தக் கணக்கிலும் கட்டுபடியாகியிராது.

1836-ஆம் ஆண்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையும், ஏறத்தாழ 70 மைல் கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. மேலணை காவிரிக்கு நீரைத் திருப்பியது. கீழணை, கடலுக்கு ஓடும் மிகுதி நீரைத் தடுத்து வீராணம் ஏரிக்கும் அதனைச் சூழ்ந்த நிலங்களுக்கும் ஈந்தது. மணல் வாரும் செலவு குறைந்தது, தரிசு விளைந்தது. ஒரு குறையும் நேர்ந்தது. மேலணை வேண்டியதற்கு மேலாகவே வேலை செய்தமையால், காவிரிக்குள் அளவிறந்த வெள்ளம் புகுந்து அதன் படுகையை அரிக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் வாயிலும் ஓர் அணை இடவும் நேர்ந்தது. இவ்வேலைகளுக்கான செலவு முதல் மதிப்பீட்டில் இல்லை. ஆற்றைப் பற்றிய கணக்கு ஒருமுறை எழுதி மூடத்தக்கதன்று போலும். அம்மேலணை 180 ஆண்டுக்கு மேல் உழைத்து, 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வெள்ளத்தில் அதன் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டமையால், அருகே புதியதோர் அணை கட்ட வேண்டியதாயிற்று.

இடைப்பட்ட காலத்தில் அவர் செய்தவற்றுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. சென்னைக்குச் சாலை போடச் செங்கற்பாறைக் கற்களைக் கொணரும் பொருட்டு, செங்குன்றத்தருகே 1836, 1837-ஆம் ஆண்டுகளில் ஒரு சிறு இருப்புப்பாதை அமைத்தார். இந்தியாவின் முதல் இருப்புப்பாதை என அதனைக் கூறுவர். பின்னாளில் இருப்புப்பாதைக்குக் கடும்பகைவர் எனப் பெயரெடுத்தவர், அதனை இந்நாட்டில் முதலில் இட்டவருள் ஒருவராயிருந்தது வேடிக்கையே.

காட்டன் 1841-இல் மணம் செய்துகொண்டார். அவர் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர்; விவிலியத்தை நாடோறும் ஓதுபவர். பசித்தவனுக்கு அப்பமிடுதலும் வறண்ட நிலத்திற்கு நீரிடுதலும் அவர் மனத்தில் ஒரே கடமையாய் நின்றன எனலாம். ஆனால் அவர் அரசாங்கத்திற்கு எழுதிய அறிக்கைகளில் இரக்கத்தை மட்டும் முன்வைத்தாரில்லை. இரக்கத்திற்குக் கஜானா திறவாது என்பதனை அவர் அறிவார். வட்டிக்கணக்கையே முன்வைத்தார்.

நிற்க, கோதாவரிக்கு வருவோம். அங்கேயுள்ள நிலை காவிரியினும் கொடியது. 1833-இல் குண்டூர்ச் சீமையைப் பஞ்சம் பற்றியது. ஏறத்தாழ 5 இலட்சம் மக்களுள் 2 இலட்சம் பேர் மாண்டனர் என்பது அக்காலத்தார் மதிப்பு. அருகேயுள்ள இராஜமகேந்திரபுரச் சீமையில் 1821-இல் 7,38,000 பேர் இருந்தனர். இருபது ஆண்டுக்குள் அத்தொகை 5,61,000 ஆகக் குறைந்தது. இவை யாவும் நிகழ்ந்த இடம் பாலைநிலமன்று. நாட்டின் பேராறுகளில் ஒன்று அதன் நடுவே நுங்கும் நுரையுமாய்ப் பெருகிக் கடலிற் கலந்துகொண்டிருந்தது! கண்ணெதிரே வெள்ளம் ஓட, கரையிலே மக்கள் பட்டினியால் மடிந்தனர்.

1844-ஆம் ஆண்டில் காட்டன் தம் முதல் அறிக்கையை எழுதினார். முகத்துவாரத்து நிலத்தின் இயல்பு ஒன்றை அவர் அதிற் பற்றிக்கொண்டார். வண்டல் கொணரும் ஆறு தன் இரு கரைகளிலும் அதனை இட்டு இட்டு உயர்த்துவதால், அவ்விடத்தில் ஆறே மேட்டில் ஓடும். நிலம் கரையிலிருந்து அகல அகலத் தாழும். ஆகவே தலைப்பில் நீரைச் சில அடி உயர்த்திவிட்டால், அதன்பின் வேறு விசை வேண்டாது நீர் தானே பள்ளம் நோக்கிப் பரந்து பாயும். அணை ஒன்றே பெருஞ்செலவு. கால்வாய்கள் எளிதில் அமையும். அக்கால்வாய்களிலேயே படகும் செல்லும். கல், சுண்ணாம்பு, தேக்கு யாவும் அருகே கிடைத்தன. இட்ட பணத்திற்கு இத்துணைப் பயன் தரும் இடம் வேறில்லை என்பது அவர் முடிவு.

இதே 1844-ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டில் டூப்புயி என்னும் இஞ்சினீயர், பாலம் சாலை முதலியவற்றின் பயனை அளப்பது எப்படி என்று ஓர் அரிய கட்டுரை வெளியிட்டார். ஒரு பாலத்தினால் நாட்டிற்கு வரும் நன்மை அதில் வசூலாகும் சுங்கத்தொகை மட்டும் அன்று. சுங்கம் கொடுத்தவன் அதற்குமேல் எவ்வளவு கொடுக்கவும் இசைந்திருப்பான் என்பதும் அந்நன்மையிற் சேரும் என்பது அவர் கருத்து. இந்நாளைய பொருளாதார நூலார் இவரையே இத்துறையின் முன்னோடி என்பர். கோதாவரிக் கரையில் காட்டனும் ஏறத்தாழ அதே வழியிலே எண்ணினார். அரசாங்கத்தார் கேட்டது நிலவரி எத்துணை கூடும் என்பது ஒன்றே. காட்டன் அதனை முதலில் எழுதினார். பின், குடியானவன் வீட்டிலே மிஞ்சும் நெல், வண்டிக்குப் பதிலாய்ப் படகேறுவதால் குறையும் கூலி, பஞ்சத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாத வரி, பஞ்சக் கஞ்சித்தொட்டிக்குச் செலவிட வேண்டாத பணம் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாய் வரவிலே சேர்த்தார். வரி என்பது விளைவில் ஒரு பங்கே ஆதலால், வரியை மட்டும் கண்டு அணையை மதிப்பவன், மரத்தின் நிழலை அளந்து அதன் கனியை மறந்தவனை ஒப்பான்.

1846-இன் இறுதியில் இசைவு வந்தது. ஆனால் ஆட்கள் வரவில்லை. ஆறு இஞ்சினீயர்களையும் எட்டு உதவியாளரையும் ஈராயிரம் கொத்தரையும் காட்டன் கேட்டிருந்தார். கிடைத்தவரோ, இனித்தான் தொழில் பழக வேண்டிய ஓர் இளைஞரும், இரண்டு பயிற்சியாளரும், சில அளவைக்காரருமே. அவர் பின்வாங்கவில்லை. 1847-இல் தவளேசுவரத்தில் வேலை தொடங்கியது. குன்றை உடைத்துத் தண்டவாளத்தின் மீது கல் வண்டிகள் ஆற்றுக்கு இறங்கின. கோதாவரி அங்கே ஏறத்தாழ 4 மைல் அகலம், நடுவே தீவுகள். தவளேசுவரம், ராலி, மத்தூர், விஜ்ஜேசுவரம் என நான்கு கூறாக அணை எழுந்தது. கட்டுமானத்தின் நீளம் மட்டும் 2 மைலுக்கு மேல். இடையில் வெயில் தாக்கி நோய்வாய்ப்பட்ட காட்டன் 1848-இல் ஆஸ்திரேலியா சென்று ஓய்வு கொள்ள நேர்ந்தது. அக்காலத்தில் கேப்டன் ஓர் பொறுப்பேற்றார். வீணம் வீரண்ணா என்னும் ஆந்திரர் ஆயிரக்கணக்கான கூலியாட்களைத் திரட்டி நடத்தி, அணையின் வெற்றிக்குப் பெருந்துணையானார். 1852-இல் அணை முடிந்தது. முதல் மதிப்பீட்டை விடச் செலவு ஏறியது உண்மை. ஆனால் வரவு அதனினும் விரைந்து ஏறியது. பஞ்சத்திற்குப் பேர்போன சீமை அரிசி ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. இன்று ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கர் அந்நீரால் விளைகின்றது. கோதாவரிப் பகுதியில் இன்றும் காட்டன் பெயரைச் சொல்லாத உழவர் அரியர். 1982-இல் முடிந்த புதிய அணைக்கும் அவர் பெயரே இடப்பட்டிருக்கின்றது.

இவ்வெற்றியைக் கேள்வியுற்ற வங்கத்து இஞ்சினீயரான பேர்டு ஸ்மித் என்பார் தென்னாட்டிற்கு வந்து, காவிரி, கிருஷ்ணை, கோதாவரி ஆகிய மூன்றன் வேலைகளையும் நேரிற் கண்டு, 1856-இல் ஒரு நூல் வெளியிட்டார். கட்டியவரே தம் கட்டடத்தைப் புகழ்வது எளிது. கட்டி முடித்தபின் வேறொருவர் வந்து, முன்னர்ச் சொன்னது பின்னர்ப் பலித்ததா எனக் கணக்குப் புத்தகத்தைத் திருப்பிப் பார்ப்பதே அரிது. இந்நாளிலும் அரிது என்றே அறிந்தோர் கூறுவர். பேர்டு ஸ்மித்தின் நூலை அவ்வகையில் யான் காட்டனின் அறிக்கைகளுக்கு ஒப்பவே மதிக்கின்றேன்.

ஐம்பதுகளில் இருப்புப்பாதை இந்தியாவிற்கு வந்தது. அதில் முதலிட்ட இங்கிலாந்துக் கம்பெனிகளுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி தருவதாக அரசாங்கம் உறுதி கூறியிருந்தது. வரவு வந்தாலும் வாராவிட்டாலும் வட்டி வரும். குறையை இந்நாட்டு வரிப்பணம் நிரப்பும். காட்டன் சினந்தது இதன் மீதே. மெல்லச் சென்றாலும் மலிவாய்ச் செல்லும் படகே ஏழை நாட்டிற்கு ஏற்றது என்றும், நெல்லும் உப்பும் விரைந்து செல்லவேண்டிய அவசியமில்லை என்றும், இருப்புப்பாதை ஒரு படி நெல்லையும் விளைவிக்காது என்றும் அவர் நூல்கள் எழுதினார். ஆறுகளையெல்லாம் இணைத்து நாடு முழுவதும் படகு செல்லும் பெருந்திட்டம் ஒன்றனையும் வரைந்தார். கங்கைக் கால்வாயை வெட்டிய காட்லியோடு அக்கால்வாயின் தலைப்பிடம் முதலியன பற்றி நெடிய வழக்காடினார். அவருடைய எழுத்தில் அப்பொழுது பொறுமை குறைந்து வன்மை மிகுந்தது.

இனிச் சொல்லப்போவது அவர் அன்பர்கள் விரைந்து கடந்துவிடும் பகுதி. 1858-இல் சென்னை நீர்ப்பாசனக் கால்வாய்க் கம்பெனி தொடங்கியது. காட்டனின் கருத்தையே முதலாகக் கொண்ட அதற்கு, 10 இலட்சம் பவுனுக்கு அதே 5 விழுக்காடு வட்டியுறுதி கிடைத்தது. எந்த ஏற்பாட்டைக் காட்டன் இருப்புப்பாதையிற் குறைகூறினாரோ அதே ஏற்பாடு! துங்கபத்திரையில் சுங்கேசுலா என்னுமிடத்தில் அணையிட்டு, கர்நூலிலிருந்து கடப்பை வரையில் ஏறத்தாழ 190 மைல் கால்வாய் வெட்டினர். அறுபதுகளில் தொடங்கி 1871-இல் வேலை ஒருவாறு முடிந்தது. நீர் வந்தது, கொள்வார் இல்லை.

காரணம் யாது? அச்சீமை பெரிதும் கரிசல் நிலம். கரிசல் மழையீரத்தைத் தன்னுள்ளே நெடுநாள் காக்கும். அதில் சோளமும் பருத்தியும் வானத்தை நம்பியே நன்கு விளையும். நீர் பாய்ச்சினால் அம்மண் சேறாகிப் பயிரைக் கெடுத்தலும் உண்டு. நல்ல ஆண்டில் அவ்வுழவனுக்குக் கால்வாய் நீர் வேண்டுவதில்லை. காசு கொடுத்து ஏன் கொள்வான்? தஞ்சை, கோதாவரி உழவனோ நெல்லையன்றி வேறறியான். நீரே அவன் உயிர். ஒரு நாட்டுக் கணக்கை மற்றொரு நாட்டுக்குப் பெயர்த்தெழுதிய பிழை இது. நீர் வந்தால் கொள்வர் என்று எழுதினார்களேயொழிய, கொள்வீர்களா என்று கரிசற்காட்டு உழவனைக் கேட்டவரில்லை. கட்டுமானத்திலும் கசிவும் பழுதும் இருந்தன. கம்பெனி கடனில் மூழ்கியது; 1882-இல் அரசாங்கமே அதனை விலைகொடுத்து வாங்கி, இழப்பை மக்கள் தலையில் ஏற்றியது. ஒரிஸாவில் எழுந்த மற்றொரு கம்பெனியையும் அதற்கு முன்னரே அரசாங்கம் வாங்க நேர்ந்திருந்தது.

காட்டன் 1861-இல் ஸர் பட்டம் பெற்றுத் தாயகத்தில் அமர்ந்திருந்தார். தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாட்டில் இலட்சக்கணக்கானோர் மடிந்தபோது, முதியவராகிய அவர் மீண்டும் எழுந்தார். இருப்புப்பாதைகள் இருந்தும் பஞ்சம் தடைப்படவில்லையே என்று கேட்டார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அவர் பக்கம் நின்று எழுதினார். பார்லிமெண்டு 1878-இல் அமைத்த குழுவின்முன் காட்டன் தம் 75-ஆம் வயதில் சான்று கூறினார். குழுவினர் கர்நூல் கணக்கை அவர் முன் விரித்தனர். அவருடைய பெருந்திட்டம் ஏற்கப்படவில்லை. எனினும் 1880-இல் பஞ்ச விசாரணைக் குழுவினர், வட்டி கட்டாவிடினும் பஞ்சத்தைத் தடுக்கும் பொருட்டுச் சில வேலைகளைச் செய்தல் வேண்டும் என்று ஒப்புக்கொண்டனர். ஊதியம் தரும் வேலை, காப்பளிக்கும் வேலை என இருவகையாய்ப் பிரித்து எழுதும் வழக்கம் அதன்பின் நிலைபெற்றது. காட்டன் கேட்டது கிடைக்கவில்லை. அவர் எழுப்பிய கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது.

இறுதி நாட்களை அவர் இங்கிலாந்தில் டார்க்கிங் என்னும் ஊரில் கழித்தார். அங்கும் சும்மா இருந்தாரில்லை. தோட்டத்தில் ஆழக் கொத்திக் கோதுமை விளைவித்து, ஒரு சிறு நிலத்தில் எவ்வளவு மணி கிடைக்கும் எனக் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். 1899-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் நாள், 96-ஆம் வயதில் காலமானார். அவர் புதல்வியார் ஹோப் சீமாட்டி மறு ஆண்டிலேயே தந்தையின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அதே காலத்தில் சென்னையிலிருந்து வடக்கே பெசவாடா நோக்கி இருப்புப்பாதை அமைந்தது. பழவேற்காட்டு வழியே சென்ற கால்வாய்ப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் குறைந்தன. 1965, 1966-ஆம் ஆண்டுப் புயல்களுக்குப் பின் அக்கால்வாய் பெரும்பாலும் தூர்ந்தது. மலிவான படகு வெல்லும் என்னும் அவர் கணிப்பு இக்கரையில் பலிக்கவில்லை.

காட்டனுடைய வழிமுறை இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றது. அமெரிக்கர் 1936-ஆம் ஆண்டு வெள்ளத்தடுப்புச் சட்டத்திலே, நன்மை யாவருக்குச் சேரினும் அது செலவினும் மிகுந்திருத்தல் வேண்டும் என்று விதித்தனர். நம் நாட்டில் 1964-இல் காட்கில் குழுவினர், நீர்ப்பாசன வேலையின் நன்மை செலவைப்போல ஒன்றரை மடங்கேனும் இருத்தல் வேண்டும் என்றனர். நன்மை யாவருக்குச் சேரினும் என்னும் அச்சொற்கு இணையாக, இழப்பு யாவருக்கு நேரினும் என்னும் சொல்லும் வேண்டுமன்றோ? கர்நூல் உழவனைக் கேளாதது போன்றே, கடற்கரை மீனவனையும் பலகாலம் எவரும் கேட்டிலர்.

சென்னைத் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். 1876 முதல் கடலுள் கற்சுவர்கள் நீண்டன. நம் கீழ்க்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே உருட்டிச் செல்வன. சுவர் அதனைத் தடுக்கவே தென்பால் மணல் குவிந்து மெரீனா அகன்றது. வடபால் இராயபுரமும் திருவொற்றியூரும் அரிக்கப்பட்டன. துறைமுகத்தின் வரவில் கப்பற்சுங்கம் உண்டு. வடகரையில் வீடிழந்த மீனவன் அதன் செலவில் எங்கே? பின்னர் எண்ணூரில் 2001-இல் ஒரு துறைமுகமும், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் மற்றொன்றும் எழுந்தன. அவற்றுக்கும் வடக்கே, அதே மணல் செல்லும் வழியில் கிடப்பதே பழவேற்காடு.

அவ்வேரி கடலோடு மூச்சு விடுவது முகத்துவாரத்தின் வழியாக. அது திறந்திருந்தால் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் உள்ளே வரும். உவர்ப்பும் அளவில் நிற்கும். மணலடித்து மூடினால் ஏரி சூடேறி உப்பேறி மீன் அருகும். அண்மை ஆண்டுகளில் அதனை நிலையாய்த் திறந்து வைக்கும் பொருட்டு இருபுறமும் கற்சுவர் எழுப்பும் வேலை மேற்கொள்ளப்பட்டது. அதற்கு முன்னெல்லாம் மீனவர் தாமே கூடி, மண்வெட்டியும் கூடையும் கொண்டு மணலைக் கீறி நீர் விட்டதும் உண்டு.

இம்மீனவரிடத்தும் பழையதொரு கணக்கு இருக்கின்றது. ஏரியில் வலையிடும் இடங்களைப் பாடு என்பர். நல்ல பாடு ஒருவருக்கே என்றும் உரியதாகாது. தலைக்கட்டு ஒன்றுக்கு ஒரு பங்கென எண்ணி, முறை வைத்து, இன்று இவ்விடம் உனக்கு, நாளை எனக்கு என மாற்றிக்கொள்வர். வலியவன் முந்திக்கொள்ளாமலும் எளியவன் பட்டினி கிடவாமலும் ஊர் கூடி வகுத்த ஏற்பாடு அது. எந்த இஞ்சினீயரும் அதனை வரைந்து கொடுக்கவில்லை. தன் முறை வந்த நாளில் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்குமாயின், அக்குடும்பம் வெறும் வலையைச் சுருட்டிக்கொண்டு கரையேறி, அடுத்த முறை வரும் வரையில் காத்திருக்கும்.